கல்ஃப் மெடிக்கல்ல ஹெபடைடிஸ் பி-ன்னு அன்ஃபிட். மாத்திரை எங்க கிடைக்கும்?

பரமக்குடியான்

வணக்கம். இங்க படிச்சிட்டு மட்டும் போறவன், முதல் தடவையா எழுதறேன். வயசு 27, வெல்டர். சவூதி விசா ரெடி, மெடிக்கல் மட்டும்தான் பாக்கி இருந்துச்சு. போன வாரம் அதுவும் முடிஞ்சுது. எக்ஸ்ரே, கண்ணு, காது எல்லாம் சரி. ரத்தத்துல எச்பிஎஸ்ஏஜி, அதான் ஹெபடைடிஸ் பி இருக்கான்னு பார்க்கற டெஸ்ட், பாசிட்டிவ்னு அன்ஃபிட் போட்டுட்டாங்க.

என்ன ஏதுன்னு கேட்டா சென்டர்ல யாரும் வாயத் திறக்கல. "ஆன்லைன்ல ஏறிடுச்சு, ஏஜென்ட்கிட்ட பேசிக்கங்க"ன்னாங்க. ஏஜென்ட்டு, கொஞ்ச நாள் போகட்டும், வேற ஊர் சென்டர்ல ஆள் இருக்கு, தனியா செலவாகும்ங்கிறார். அம்மா தினம் காலையில கீழாநெல்லி அரைச்சுக் குடுக்குது. எனக்குக் காமாலையே வந்ததில்ல. பசிக்குது, தூங்கறேன், வேலை பார்க்கறேன். இது நிஜமாவே வியாதியா? வியாதின்னா மாத்திரை எங்க கிடைக்கும்? ஊர்ல ஒரு டாக்டர் ஈரலுக்கு டானிக் எழுதிக் குடுத்தார். இன்னொருத்தர் "நீ சும்மா கேரியர்தான், கிருமி உடம்புல இருக்கு, நோய் இல்ல, ஒண்ணும் பண்ண வேண்டாம்"னு அனுப்பிட்டார்.

லேப்காரி

தம்பி, முதல்ல அந்த ஏஜென்ட்டுக்குக் காசு குடுக்காதீங்க. "ஆள் இருக்கு"ன்னா என்ன அர்த்தம்? வேற ஒருத்தர் ரத்தத்தை உங்க பேர்ல வைக்கறது. அங்க இறங்கின பிறகு இகாமாவுக்கு, அதான் அங்க தங்கறதுக்கான அட்டைக்கு, இன்னொரு மெடிக்கல் உண்டு. அதுல மாட்டினா அடுத்த ஃபிளைட்ல ஏத்தி விடுவாங்க. கட்டின பணம் வட்டியோட தலையில நிக்கும்.

நான் தனியார் லேப்ல ரொம்ப வருஷமா இருக்கேன். ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்னு எங்க லேப்ல தெரிய வர்றவங்கள்ல, அதுக்குன்னே டெஸ்ட் எடுக்க வந்தவங்க அபூர்வம். ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன்னாடி, பிரசவத்துக்கு முன்னாடி, ரத்த தான முகாம்ல, உங்கள மாதிரி வெளிநாடு போறதுக்கு முன்னாடி. ஆபரேஷன் பண்றவருக்கு அந்த ரிசல்ட் எதுக்கு? அன்னைக்குக் கடைசி கேஸா வச்சுக்க. ரத்த வங்கிக்கு எதுக்கு? அந்தப் பையைக் கழிச்சுக் கட்ட. கல்ஃப் சென்டருக்கு அன்ஃபிட் முத்திரை குத்த. ஒவ்வொருத்தரும் தன்னைக் காப்பாத்திக்கத்தான் டெஸ்ட் போடறாங்க. பாசிட்டிவ் ஆன ஆளை அடுத்து எங்க அனுப்பணும்? அது யாரோட வேலையும் இல்ல. ரிப்போர்ட்டை நாலா மடிச்சு சட்டைப்பைக்குள்ள வச்சுக்கிட்டு வெளியே போவாங்க. கவுண்டர்ல உக்காந்து பார்த்துக்கிட்டே இருப்போம்.

மூலிகைப்பித்தன்

தம்பி, அம்மா கொடுப்பதை நிறுத்த வேண்டாம். கீழாநெல்லியைப் பாட்டி வைத்தியம் என்று இங்கே சிரிப்பவர்கள் 1988-ஆம் வருடத்து லான்செட் மருத்துவ இதழைப் புரட்டிப் பார்க்கட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழு செய்த ஆய்வு. இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு வாங்கினாரே பாரூக் ப்ளம்பெர்க், அவரே அதில் ஒரு ஆசிரியர். கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ் ஆனது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும்தான். நம் மண்ணின் மருந்தை அமுக்கிவிட்டு வாழ்நாள் முழுக்க மாத்திரை விற்கிறார்கள்.

குடல்_ஈரல்

நான் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஈரல் பிரிவில் வேலை பார்க்கிறேன். மூலிகைப்பித்தன் ஐயா கொடுத்த எண்கள் சரி. ஆனால் அந்தக் கதை 1988-இல் முடியவில்லை. உலகமே அந்தக் கட்டுரையைப் பார்த்து ஆடிப்போனது. மற்றவர்களும் கீழாநெல்லியைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1990-இல் தாய்லாந்துக் குழு, அறிகுறி எதுவும் இல்லாத ஆட்களிடம் சோதித்துவிட்டு, பலன் இல்லை என்று அதே லான்செட்டில் எழுதியது. அதன் பிறகு செய்த சோதனைகளிலும் சென்னை முடிவு திரும்ப வரவில்லை. யாரும் அமுக்கவில்லை ஐயா. சோதித்தார்கள், தேறவில்லை.

கீழாநெல்லிச் சாற்றின் மேல் எனக்குப் பகை கிடையாது. அது தின்றுவிடுகிற வருடங்கள்தான் என் கவலை. சாறு குடித்தவருக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. குடிக்காமல் இருந்தாலும் அன்றைக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும், ஏனென்றால் இந்த வைரஸ் இருபது முப்பது வருடம் சத்தமே போடாது. ஈரலின் சதைக்குள் வலி உணரும் நரம்பு கிடையாது. பெருமை சாறுக்குப் போய்விடுகிறது. அதே ஆள் நாற்பத்தைந்து வயதில் வயிறு வீங்கி, காலில் நீர் கோத்து என் வார்டுக்கு வருகிறார்.

பரமக்குடித் தம்பி, உங்களுக்குக் காமாலை வராததில் வியப்பில்லை. பெரியவர்கள் ஆன பிறகு இந்தக் கிருமி தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் அது உடம்பிலேயே தங்கும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் நூற்றில் தொண்ணூறு குழந்தைகளுக்குத் தங்கிவிடும். உங்களுக்கும் சின்ன வயதில் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆறு மாதம் கழித்தும் பாசிட்டிவ்தான் என்றால் நாள்பட்ட தொற்று என்று எடுத்துக்கொள்வோம். அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோருக்கும் இப்போதே ஒரு எச்பிஎஸ்ஏஜி பார்த்துவிடுங்கள்.

உங்களுக்கு ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி, ரத்தத்தட்டு எண்ணிக்கையான பிளேட்லெட், வைரஸ் பெருகுவதைக் காட்டும் எச்பிஇஏஜி, வயிற்று ஸ்கேன், ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று சொல்லும் வைரல் லோடு பார்க்க வேண்டும். முடிந்தால் ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும் ஃபைப்ரோஸ்கேன். இவற்றை வைத்துத்தான் மாத்திரை தேவையா என்று சொல்ல முடியும். தேவைப்பட்டால் டெனோஃபோவிர் அல்லது என்டகாவிர், தினம் ஒன்று. வைரஸை அடக்கி வைக்கும், பெரும்பாலும் துடைத்து எடுக்காது. அதனால் யாரும் சொல்லாமல் ஆரம்பிக்கவும் கூடாது, ஆரம்பித்ததைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் வைரஸ் சீறி எழும், ஈரல் செயலிழந்து போனவர்கள் உண்டு.

தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் என்று 2018 ஜூலை 28-இல் ஒன்று ஆரம்பித்தார்கள். டெஸ்டும் மாத்திரையும் அதில் இலவசம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்குச் சிகிச்சை மையம் இருக்கும், பொது மருத்துவம் அல்லது குடல் ஈரல் பிரிவில் கேளுங்கள்.

கரிசல்

டாக்டர் சார், இலவசம்னு ஒரு வார்த்தையில முடிச்சிட்டீங்க. அப்படின்னா ஏன் யாரும் சாப்பிடல? உலக சுகாதார அமைப்பு 2024-ல வெளியிட்ட அறிக்கையில இருக்கற கணக்கு: 2022-ல உலகத்துல 25 கோடியே 40 லட்சம் பேருக்கு நாள்பட்ட ஹெபடைடிஸ் பி. தனக்கு இருக்குன்னு தெரிஞ்சவங்க நூத்துக்கு 13. மாத்திரை சாப்பிடறவங்க நூத்துக்கு 3. அந்த ஒரு வருஷம் செத்தவங்க 11 லட்சம். இந்தியாவுல மட்டும் மூணு கோடிக்குக் கொஞ்சம் கம்மியா பாதிக்கப்பட்டவங்க. நம்ம ஊர்ல எத்தனை பேருக்கு அந்தத் திட்டத்தோட பேராவது தெரியும்?

இன்னொண்ணு. ஒரு டாக்டர் கேரியர்னு சொல்றார், இன்னொருத்தர் டெஸ்ட் எடுங்கறார். வாழ்நாள் முழுக்க மாத்திரைன்னா அதுல யாருக்கு லாபம்னும் கேக்கத்தான் தோணுது.

தாலுகா மருந்தாளுநர்

கரிசல் அண்ணே, லாபக் கணக்கை நான் சொல்றேன். டெனோஃபோவிர் காப்புரிமை எல்லாம் காலாவதியான பழைய மருந்து. நம்ம நாட்டுக் கம்பெனிகள் செஞ்சு உலகத்துக்கே அனுப்புது. மொத்தமா வாங்கினா ஒரு ஆளுக்கு மாசம் 2.4 டாலருக்குக்கூடக் கிடைக்கும்னு நீங்க சொல்ற அதே அறிக்கையிலயே இருக்கு. இருநூறு ரூபா. இதை வித்து யாரும் பங்களா கட்ட முடியாது. அதனாலதான் இதுக்கு விளம்பரமும் இல்ல, பிரதிநிதி பையைத் தூக்கிக்கிட்டு டாக்டர் வாசல்ல நிக்கறதும் இல்ல. லிவர் டானிக்குக்கு நிப்பாங்க.

ஆள் எங்க நழுவுறாங்கன்னு மருந்து கவுண்டர்ல இருந்து பார்த்தா தெரியும். தாலுகாவுல ரத்தம் எடுத்தா எச்பிஎஸ்ஏஜி வரைக்கும் பார்த்துடலாம். வைரல் லோடு மாதிரி பெரிய டெஸ்ட்னா ரத்தம் பெரிய ஊருக்குப் போகணும், இல்ல ஆள் போகணும். வெளியில பார்த்தா நாலாயிரம் ஐயாயிரம் கேப்பாங்க. ரத்தம் குடுக்க ஒரு நாள், ரிசல்ட் வாங்க ஒரு நாள், டாக்டர்கிட்ட காட்ட இன்னொரு நாள். பல இடத்துல ஈரலுக்குன்னு வாரத்துல குறிப்பிட்ட கிழமைதான் ஓபி. சித்தாள் வேலைக்குப் போற ஆளுக்கு ஒவ்வொண்ணும் ஒரு நாள் கூலி. வலிச்சா வருவாங்க. வலிக்காத வியாதிக்கு எத்தனை நாள் கூலியை விடுவாங்க?

அதையெல்லாம் தாண்டி மாத்திரை கைக்கு வந்தப்புறம் ஒரு சங்கடம் இருக்கு. டெனோஃபோவிர் எச்ஐவிக்கும் குடுக்கற மருந்து. டப்பாவுக்குள்ள இருக்கற தாள்ல எச்ஐவின்னு போட்டிருக்கும். படிச்ச பையன் வீட்டுல இருந்தா மொபைல்ல தேடிப் பார்ப்பான், முதல் வரியே அதுதான் வரும். ஒரு பொண்ணோட வீட்டுக்காரர் டப்பாவைத் தூக்கிக்கிட்டு நேரா கவுண்டருக்கே வந்துட்டார். ரெண்டும் வேற கிருமி, மருந்து மட்டும் ஒண்ணுன்னு அரைமணி நேரம் சொன்னேன். தலையாட்டினார். அடுத்த மாசம் அந்தப் பொண்ணு மாத்திரை வாங்க வரல.

ரெண்டு பிள்ளைக்காரி

அந்தப் பெண் வராததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

முதல் பிரசவத்தின்போதுதான் எனக்கு இருப்பது தெரிந்தது. கேஸ் ஷீட்டின் மேலே சிவப்பு மையில் பெரிதாக எழுதினார்கள். வார்டில் யார் வந்து பார்த்தாலும் கண்ணில் படும். மாமியார் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். சாப்பாட்டில் பரவாது, தொட்டால் பரவாது, பால் கொடுக்கலாம் என்று அந்த ஆஸ்பத்திரியில் யாராவது ஒருவர் அவரிடம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

குழந்தையை நன்றாகத்தான் பார்த்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். பிறந்த உடனே தடுப்பூசி போட்டார்கள். இம்யூனோகுளோபுலின் என்று இன்னொரு ஊசி, அன்று அங்கே இருப்பில் இல்லாமல் ராத்திரி வெளியில் அலைந்து என் வீட்டுக்காரர் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி வந்தார். பிள்ளை நெகட்டிவ், சந்தோஷம். ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் என்னைப் பற்றி ஒரு வரி கிடையாது. இரண்டாவது பிரசவத்திலும் அதே சிவப்பு மை, அதே கேள்விகள், எல்லாம் குழந்தைக்காக. எனக்கு ஒரு ஈரல் இருக்கிறது என்பதே யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பிறகு நானாகப் போய் ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் தழும்பு ஆரம்பித்திருந்தது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். டப்பாவை மாற்றி, வைட்டமின் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன்.

குடல்_ஈரல்

அம்மா, நீங்கள் எழுதியது எங்கள் துறைக்கு உறைக்க வேண்டியது. கர்ப்ப காலத்தில் எல்லோருக்கும் இந்த டெஸ்ட் பார்க்கிறோம், வைரல் லோடு அதிகம் இருந்தால் ஏழாவது மாதத்திலிருந்து தாய்க்கே டெனோஃபோவிர் கொடுக்கலாம் என்று வழிகாட்டுதலும் இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் மகப்பேறு பிரிவின் வேலை முடிந்தது. பொது மருத்துவம் பக்கம் அனுப்பும் சீட்டை எழுத யாருக்கும் தோன்றுவதில்லை.

கரிசல் கேட்ட கேரியர் சமாச்சாரம். அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். பல வருடம் விதியே அப்படித்தான் இருந்தது: வைரல் லோடு இவ்வளவு, எஸ்ஜிபிடி இவ்வளவு, இரண்டும் தாண்டினால்தான் மாத்திரை. நடுவில் நிற்பவர்களை 'பார்த்துக்கொண்டிரு' என்று சொல்வோம். எங்கே வந்து யார் பார்ப்பது? ஆறு மாதம் கழித்து வா என்றவர்களில் திரும்பி வருபவர்கள் கொஞ்சம். 2024 மார்ச்சில் உலக சுகாதார அமைப்பு விதியைத் தளர்த்தியது. வைரல் லோடு பார்க்க வசதி இல்லாத இடத்தில், எஸ்ஜிபிடி தொடர்ந்து கூடுதலாக இருந்தாலே ஆரம்பிக்கலாம் என்கிறது. குடும்பத்தில் யாருக்காவது ஈரல் புற்றுநோய் இருந்தாலும் ஆரம்பிக்கலாம். எஸ்ஜிஓடி, பிளேட்லெட் இரண்டையும் வைத்து ஈரல் தழும்பை மதிப்பிடப் போடும் ஏபிஆர்ஐ கணக்கு 0.5-க்கு மேல் போனாலும் அப்படியே. இரண்டு சாதாரண ரத்த டெஸ்ட், ஒரு கால்குலேட்டர். தாலுகாவிலேயே செய்துவிடலாம். என்னைக் கேட்டால் நம்மூருக்கு இதுதான் சரி. என் பிரிவிலேயே இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், தேவையில்லாதவர்களுக்கும் வாழ்நாள் மாத்திரை போய்விடும், மாத்திரையால் சிறுநீரகமும் எலும்பும் கெடாமல் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் உண்டு.

ரியாத் டிரைவர்

ஊர்ல இருக்கறவங்களாவது ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போகலாம். இங்க ஒருத்தருக்கு இருக்குன்னு வைங்க, இன்சூரன்ஸ் கார்டை நீட்டினா கம்பெனிக்குத் தெரிஞ்சிடுமோன்னு பயம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் லீவுக்குப் போறவங்ககிட்ட சொல்லி மூணு மாச மாத்திரை வரவழைப்பார். ஆள் வரத் தாமதமானா நடுவுல விட்டுப்போகும். டாக்டர் எழுதியிருக்கறதைப் படிச்சப்புறம்தான் அப்படி விடறது எவ்வளவு ஆபத்துன்னு எனக்கே தெரியுது. இன்னைக்கு ராத்திரி இதை அவருக்குப் படிச்சுக் காட்டப் போறேன்.

சவூதிக்காரனைத் திட்டி என்ன ஆகப்போகுது? ஆளை எடுக்கறவன் கழிச்சுக் கட்டத்தான் பார்ப்பான். அன்ஃபிட் ஆன பையன் நம்ம நாட்டுலதானே நிக்கறான்? அந்த சென்டரும் நம்ம ஊர்லதானே இருக்கு? "இந்த ஆஸ்பத்திரிக்குப் போ"ன்னு ஒரு துண்டுச் சீட்டு குடுக்கச் சொல்லி நம்ம அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டா முடிஞ்சுது.

கரிசல்

உத்தரவு தானா வராது அண்ணே, யாராவது கேக்கணும். எச்ஐவிக்கு ஏஆர்டி மையம்னு தனி சிகிச்சை மையம், இலவச மாத்திரை, 2017-ல வேலை மறுக்கக் கூடாதுன்னு தனிச் சட்டம் எல்லாம் வந்துச்சுன்னா, நோயாளிங்க சங்கம் வச்சு, முகத்தைக் காட்டி, கோர்ட் வரைக்கும் போனாங்க. ஹெபடைடிஸ் பிக்கு இந்தியாவுல அப்படி ஒரு சட்டம் கிடையாது. சீனாவுல 2010-லயே வேலைக்குச் சேர, காலேஜ்ல சேர இந்த டெஸ்ட் எடுக்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. அங்க பாதிக்கப்பட்டவங்களே கேஸ் மேல கேஸ் போட்டு வாங்கினது. இங்க வெளிப்படையா சொன்ன பெரிய மனுஷன்னா அமிதாப் பச்சன் ஒருத்தர்தான் எனக்கு ஞாபகம் வருது. 1982 விபத்துல ஏத்தின ரத்தத்துல வந்துச்சு, ஈரல்ல முக்கால்வாசி போச்சுன்னு மேடையிலேயே சொன்னார். தமிழ்ல ஒருத்தர் சொல்லுங்க பார்ப்போம். இவ்வளவு பேசறோமே, இந்த இழையிலயே சொந்தப் பேர்ல எழுதறவங்க யாரு இருக்கோம்?

மட்டுறுத்துநர்

"மூணு மாசத்தில் நெகட்டிவ் கேரண்டி" என்று தொலைபேசி எண்ணுடன் வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. மூலிகைப்பித்தன் ஐயாவின் பதிவு அப்படியே இருக்கும், அதற்குப் பதிலும் கீழேயே இருப்பதால்.

பரமக்குடியான் (மூன்று மாதம் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் நாள் எந்த ஓபின்னு அவங்களுக்கே தெரியாம மூணு கட்டடம் சுத்த விட்டாங்க, அதுக்குள்ள சீட்டு நேரம் முடிஞ்சிடுச்சு. அடுத்த தடவை திட்டத்தோட முழுப் பேரையும் பேப்பர்ல எழுதிக்கிட்டுப் போய் காட்டினேன், ஒரு நர்ஸ் அக்கா கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போய் விட்டாங்க. பைசா செலவில்ல.

எனக்கு வைரல் லோடு ரொம்பக் கம்மி, எஸ்ஜிபிடி நார்மல், ஸ்கேன் நார்மல். இப்ப மாத்திரை வேண்டாம், ஆறு மாசத்துக்கு ஒருக்கா வான்னு சொல்லிட்டாங்க.

வீட்டுல எல்லாருக்கும் பார்த்தோம். அம்மாவுக்கு இருக்கு. அண்ணனுக்கும் இருக்கு. அண்ணனுக்குப் பிளேட்லெட் கம்மி, ஃபைப்ரோஸ்கேன்ல ஈரல் நல்லா இறுகிப் போயிருக்குன்னாங்க. அதுவரைக்கும் லாரி ஓட்டிக்கிட்டு நல்லாத்தான் இருந்துச்சு, அப்பப்ப தண்ணி போடும். இப்ப டெனோஃபோவிர் ஆரம்பிச்சாச்சு. குடியை விடணும்னு டாக்டர் கறாரா சொல்லிட்டார், விட்டிருக்கு, பார்ப்போம். அம்மாவுக்கு இன்னும் வைரல் லோடு வரல. "என்னாலதான் உங்களுக்கு வந்துச்சா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கு, அதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

ஒரு சந்தேகம். அண்ணிக்கும் அவங்க ரெண்டு பசங்களுக்கும் நெகட்டிவ் வந்திருக்கு. பசங்க 2014, 2017-ல பிறந்தவங்க. இவங்களுக்கு ஏதாவது போடணுமா?

லேப்காரி

பசங்களோட தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்க. தமிழ்நாட்டுல 2011 கடைசியில இருந்து, அஞ்சு நோய்க்குச் சேர்த்துப் போடற பென்டாவேலன்ட் ஊசியிலயே ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் சேர்ந்து வருது, 6, 10, 14 வாரத்துல போட்டிருந்தா போதும். அண்ணிக்குத்தான் அவசரம். பெரியவங்களுக்கு மூணு ஊசி: இன்னைக்கு ஒண்ணு, ஒரு மாசத்துல ஒண்ணு, ஆறாவது மாசம் ஒண்ணு. மூணாவது போட்டு ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சு ஆன்டி எச்பிஎஸ்னு ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, 10-க்கு மேல இருந்தா பாதுகாப்பு வந்தாச்சு. அதுவரைக்கும் அண்ணனை ஆணுறை போட்டுக்கச் சொல்லுங்க. ஷேவிங் ரேசர், நெயில் கட்டர், டூத் பிரஷ் தனியா. இந்த வைரஸ் காய்ஞ்ச ரத்தத்துலயும் ஒரு வாரம் உயிரோட கிடக்கும். தட்டு, டம்ளரைத் தனியா வைக்க வேண்டாம்.

அம்மாகிட்ட, அவங்களுக்கும் யார்கிட்ட இருந்தோ வந்ததுதான்னு சொல்லுங்க. அவங்க பிள்ளை பெத்த காலத்துல அரசாங்கத் தடுப்பூசிப் பட்டியல்ல இந்த ஊசியே இல்ல.

ரெண்டு பிள்ளைக்காரி

அண்ணனுக்கு மாத்திரை ஒவ்வொரு மாதமும்தான் தருகிறார்களா, இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்துத் தருகிறார்களா? லாரியில் வெளியூர் போகிறவர் என்றால் டாக்டரிடம் இப்போதே சொல்லிச் சேர்த்துக் கேளுங்கள். என் மையத்தில் கேட்டவர்களுக்குத் தருகிறார்கள், கேட்காதவர்களுக்கு இல்லை.